மாமியின் சமையலறையும் காலை ஆறு மணிச் செய்தியும்

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாமியிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, இன்னிக்கு மெசேஜே போகலையே! இன்னிக்கு என்ன சமையல்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டுண்டே இருக்கா. நான் அடுப்பைப் பார்க்கறதா, போனைப் பார்க்கறதா?"

மாமி எனக்கு உறவு இல்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மதியச் சாப்பாடு சமைத்து வீடுகளுக்கு அனுப்புகிறவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றதும், வீட்டின் கீழ்த்தளத்தைச் சமையலறையாக மாற்றிக்கொண்டார். "எனக்குச் சமைக்கத் தெரியுங்கறதை விட சும்மா இருக்கத் தெரியாது, அதான்" என்பார். மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று நாலா பக்கமும் அவருடைய சாப்பாடு போகும். கொண்டுபோய்க் கொடுப்பவள் ஆட்டோ ஓட்டும் ஒரு பெண். அடையாற்றங்கரைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வீடுகளைக் காலி செய்து அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் தினமும் விடிவதற்குள் நகரத்துக்குள் வந்துவிடுவாள். காலையில் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வந்து மாமியிடம் இறக்குவது, பதினொரு மணிக்குச் சாப்பாட்டு அடுக்குகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவது, இரண்டுமே அவள் வேலை.

அந்தச் சமையலறைக்கு இணையதளம் கட்டிக் கொடுத்தவள் நான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய அலுவலகத்தில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்தே சின்னக் கடைகளுக்குத் தளம் செய்து தருகிறேன். தியாகராய நகரில் ஒரு ரவிக்கை தைக்கும் கடை, ஒரு வீணை வகுப்பு, இப்படி. மாமியின் தளத்தில் தினமும் தானாக நடக்க வேண்டிய வேலைகள் சில இருந்தன. காலை ஆறு மணிக்கு நேற்றைய மெனு போய் இன்றைய மெனு வர வேண்டும். கையோடு வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் "இன்றைய சமையல் இது" என்று செய்தி போக வேண்டும். மாதச் சாப்பாட்டுக்காரர்களின் பெயரில் அன்றைய ஆர்டர் பதிவாக வேண்டும். பத்தரைக்கு எந்த வீட்டுக்கு எத்தனை சாப்பாடு என்ற விவரம் ஆட்டோக்காரியின் போனுக்கு வர வேண்டும். "நீங்க ஒரு பட்டனும் அமுக்க வேண்டாம் மாமி, எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும்" என்று சொல்லித்தான் அந்த வேலையை எடுத்திருந்தேன். சொன்னபடியே மாதக்கணக்கில் நடந்தும் வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். தளத்தில் நேற்றைய மெனுவே இருந்தது. என்ன கோளாறு என்று உள்ளே போய்ப் பார்ப்பதற்குள் என் போன் அதிர்ந்தது. "இன்றைய சமையல்: முருங்கைக்காய் சாம்பார்..."

மாமி மறுபடி அழைத்தார். "வந்துடுத்து, வந்துடுத்து! என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணுமே பண்ணலை மாமி."

"அடக்கமா சொல்லாதே. நீ கையை வெச்சதும் சரியாயிடுத்து பார்!"

மறுநாளும் ஆறு மணிக்குச் செய்தி போகவில்லை. மறுநாளும் நான் தளத்தைத் திறந்த சில நொடிகளில் எல்லோருக்கும் போனது. அதற்கடுத்த நாள் விடாப்பிடியாக அலாரம் வைத்து எழுந்து, ஆறு அடிப்பதற்கு முன்பே தளத்தைத் திறந்துவைத்துக் கண் கொட்டாமல் காத்திருந்தேன். ஆறு அடித்ததும் பக்கத்தைப் புதுப்பித்தேன். மணி அடித்தது போல் செய்தி போனது. சரி, தானாகவே குணமாகிவிட்டது என்று நிம்மதியாக மறுநாள் தூங்கினேன். மாமியின் போன்தான் எழுப்பியது.

தளம் இருக்கும் கணினியை வாடகைக்கு விடும் நிறுவனத்தாரைக் கேட்டேன். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். கணினியின் கடிகாரம் வேறு ஏதோ நாட்டு நேரத்தைக் காட்டுகிறதோ என்று பார்த்தேன். அதுவும் சரி. செய்தி அனுப்பும் சேவையைச் சோதித்தேன். நான் சோதிக்கும்போதெல்லாம் எல்லாமே தங்கமாக வேலை செய்தது. நான் பார்த்தால் ஓடுகிறது, பார்க்காவிட்டால் நிற்கிறது. என் கணவரிடம் சொன்னபோது, "எல்.கே.ஜி. பசங்க மாதிரி. அம்மா வாசல்ல நிக்கிற வரைக்கும் ஒழுங்கா உக்காந்திருக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்தி தாமதமானால் ஆர்டர் தாமதமாகும். ஆர்டர் தாமதமானால் மாமி எவ்வளவு அரிசி களைவது என்று தெரியாமல் திண்டாடுவார். ஆட்டோக்காரி பதினொரு மணிக்கு வந்து வாசலில் காத்துக்கிடப்பாள்.

அவளே ஒரு நாள் எனக்கு போன் செய்தாள். "இன்னாக்கா, வண்டி சும்மா நின்னுகினு கீது. அடையாறு ரூட்ல போறதா மந்தவெளி ரூட்ல போறதான்னே தெர்ல. மாமி வேற டென்சன்ல கீறாங்க. இன்னான்னு வந்து பாரேன்."

வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இது தீராது என்று எனக்கும் தோன்றிவிட்டது. மறுநாள் விடியும் முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாமியின் சமையலறைக்குப் போனேன். ஆட்டோக்காரி பூசணிக்காய் இறக்கிக்கொண்டிருந்தாள். மாமி தலையில் துண்டோடு பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஒரே ஒரு சோதனை மாமி. என் போன், உங்க போன், இவ போன், மூணையும் இந்த மேடை மேல கவுத்து வெப்போம். ஆறு மணிக்கு என்ன ஆகுதுன்னு பார்க்கலாம். அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"தொடவே கூடாதா?" என்றார் மாமி.

"தொடவே கூடாது."

மூன்று போன்களும் கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தன. சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆனது. ஒன்றும் ஆகவில்லை. மாமி எல்லோருக்கும் காபி கலந்தார். குடித்து முடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. மாமி பருப்பைக் கிளறுவார், போனைப் பார்ப்பார். உப்புப் போடுவார், போனைப் பார்ப்பார். அவர் கை மெல்ல மேடைப் பக்கம் நகர்ந்தது.

"மாமி, கைய எடு! அக்கா பாத்துகினு கீது!" என்று கத்தினாள் ஆட்டோக்காரி.

"நான் எங்கேடி தொட்டேன்? கொத்தமல்லியை எடுக்கறேன்" என்று மாமி உண்மையிலேயே கொத்தமல்லியை எடுத்தார். நான் பூசணிக்காய்களை ஓரமாகத் தள்ள ஒரு நிமிடம் குனிந்தேன். நிமிர்வதற்குள் மேடை மேலிருந்த மற்ற இரண்டு போன்களும் ஒன்றாகக் கிர்ரென்று அதிர்ந்தன. மூன்றாவது மாமியின் கையில் இருந்தது.

"மெனு மாறித்தான்னு சும்மா ஒரு தரம் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான்!" என்றார் மாமி, பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட மாணவி மாதிரி.

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. எல்லாம் புரிந்துவிட்டது. நான் தளம் கட்டப் பயன்படுத்திய மென்பொருளுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் அது விழித்துக்கொண்டு, "மணி ஆறு தாண்டிவிட்டதா? செய்ய வேண்டிய வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று பார்க்கும். இருந்தால் செய்யும். யாருமே வராவிட்டால் தூங்கிக்கொண்டே இருக்கும். நான் பார்த்தவுடன் சரியானதற்குக் காரணம், நான் பார்த்ததுதான். நாள் முழுக்க ஆட்கள் வந்துபோகும் தளங்களில் இது தெரியவே தெரியாது. மாமியின் தளத்துக்கோ செய்தி போன பிறகுதான் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால்தான் செய்தியே போகும்.

இதை அவர்களிடம் விளக்கினேன். ஆட்டோக்காரி யோசித்துவிட்டு, "அவ்ளோதானா? நான் டெய்லி ஆறு மணிக்கு இங்கதானக்கா கீறேன்? நானே தொறந்து வுட்டுர்றேன்" என்றாள்.

"ஒரு நாள் உனக்குக் காய்ச்சல் வந்தா?"

"எனக்கு இன்னாத்துக்குக் காய்ச்சல் வருது?" என்று பூசணிக்காயைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அன்றே தளம் இருக்கும் கணினியின் சொந்தக் கடிகாரத்திடம் வேலையை ஒப்படைத்தேன். வருகிறவர்கள் எழுப்பும் பழைய வழக்கத்தை நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். சூடு கண்டவள் ஆயிற்றே, அந்தக் கடிகாரமும் ஒரு நாள் காலை வாரிவிட்டால் என்ன செய்வது என்று, வெளியிலிருந்து ஆறு மணிக்கு அந்த வேலைகளை நேராகத் தட்டி எழுப்பும் வேறொரு சேவையையும் சேர்த்து வைத்தேன். ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்று எண்ணம்.

மறுநாள் இரண்டுமே தவறாமல், ஒரே நேரத்தில் வந்தன.

காலை எட்டு மணி சுமாருக்கு மாமி அழைத்தார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "தளத்தை நன்னாப் பண்ணிட்டேடி! ஒரே நாள்ல ஆர்டர் ரெண்டு மடங்காயிடுத்து. பெரிய அண்டாவை ஏத்தியாச்சு. கத்திரிக்காய் போறலைன்னு இன்னொரு தரம் வாங்கிண்டு வரச் சொன்னேன்."

மடிக்கணினியை இழுத்துக்கொண்டேன். திறந்து பார்த்தேன். கடிகாரமும் வெளிச்சேவையும் ஆளுக்கொரு தரம் பதிந்ததில், மாதச் சாப்பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் இரண்டிரண்டு ஆர்டர் நின்றது.

"மாமி... உங்க எதிர்வீட்டு மாமா தனியாத்தானே இருக்கார்? அவர் பேர்ல எத்தனை சாப்பாடு இருக்கு?"

"ரெண்டு. விருந்தாளி வந்திருப்பான்னு நினைச்சேன்."

"அடுத்த பேர்ல?"

மாமி பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார்; எல்லாப் பெயரிலும் இரண்டு. பின்னால் அண்டாவில் கத்திரிக்காய் ரசவாங்கி கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாமி சிரிக்க ஆரம்பித்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தவளுக்கு அந்தச் சிரிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. "ஊரே இன்னிக்கு ரெண்டு வயத்தோட வந்திருக்குன்னுதான் சமைச்சுண்டு இருந்தேன்! சரி, கிளம்பி வா. சமைச்சதைச் சாப்பிட ஆள் பார்க்கணும்."

போனேன். வாசலில் அடுக்குகளைப் பார்த்து ஆட்டோக்காரி வாயைப் பிளந்தாள். "இன்னா மாமி, வூட்ல கல்யாணமா? சொல்லவே இல்ல?"

மாமி ஒரு யோசனை செய்திருந்தார். வழக்கமாக வாங்குகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "இன்னிக்கு உங்களுக்கு ரெண்டு சாப்பாடு வரும், ஒண்ணைப் பக்கத்தாத்துல குடுங்கோ, எங்க கைமணம் எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். அப்படியும் மிஞ்சியதை நானும் ஆட்டோக்காரியும் ஏற்றிக்கொண்டு போனோம். குளத்தைச் சுற்றிப் பூ விற்கிறவர்கள், லஸ் பக்கத்து ஆட்டோ நிறுத்தம், தெருவைப் பெருக்கிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்று கொடுத்துக்கொண்டே போனோம். ஆட்டோ நிறுத்தத்தில் ஒருவர், "இன்னா விசேசம்?" என்று கேட்டார். "கம்ப்யூட்டருக்குக் கணக்குத் தப்பிப்போச்சு நைனா, துன்னு" என்றாள் இவள். அந்த வாரமே பக்கத்து வீடுகளிலிருந்து புது ஆர்டர்கள் வந்தன. மாமி அதை என் கெட்டிக்காரத்தனத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டது எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று மாலை உட்கார்ந்து ஒழுங்காகச் செய்து முடித்தேன். எந்த வேலையும் தொடங்குமுன் "நான் செய்துகொண்டிருக்கிறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்; முடித்ததும் "இன்றைக்கு ஆகிவிட்டது" என்று குறித்துவிட வேண்டும். இரண்டாவதாக யார் வந்து தட்டினாலும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். வேலை முடிந்ததற்கு ஒரு சின்னச் செய்தி எனக்கும் வரும். ஆறேகாலுக்குள் அது வராவிட்டால் என் போன் அலறும். அதற்குப் பிறகு எல்லாம் சீராகப் போனது. அலாரத்தை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. இப்படி ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டு அத்தனை மாதம் தளம் எப்படித் தவறாமல் ஓடியது? தளத்தின் பழைய வருகைப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன். தினமும் ஆறு அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு போனிலிருந்து யாரோ தளத்தைத் திறந்திருந்தார்கள். ஒரு முறை அல்ல, அடுத்தடுத்து இரண்டு முறை. தொல்லை தொடங்கிய அன்றிலிருந்து அந்த ஆள் வரவில்லை. மாமியிடம் கேட்டேன். "ஆறு மணிக்கு யாருடி சாப்பாட்டைப் பத்தி நினைப்பா?" என்று அவரும் என்னைப் போலவே முழித்தார்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு மத்தியானம், அடுத்த மாத மெனுவைச் சேர்க்க மாமியின் சமையலறைக்குப் போயிருந்தேன். வாசலில் ஓர் இளம்பெண் தயங்கி நின்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கையில் ஓர் எவர்சில்வர் டப்பா.

"இங்கதானே சாப்பாடு செய்யிற மாமி வீடு? நான் கோட்டூர்புரத்துல இருந்து வாரேன். உங்ககிட்டதான் ஒரு வருசமா சாப்பிடுதேன், நேர்ல பார்த்ததே இல்ல. எனக்குக் கல்யாணம் ஆச்சு. அதான் முந்திரிக்கொத்து கொண்டு வந்தேன்."

மாமி அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெண். அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எப்போதும் இரவுப் பணிதான். கோட்டூர்புரத்தில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே நான் பேச்சுக்குக் கேட்டேன்.

"நைட் டியூட்டின்னா மத்தியானச் சாப்பாட்டை எப்ப ஆர்டர் பண்ணுவீங்க?"

"ஆறு மணிக்கு எங்களுக்கு டீ வரும்கா. அந்நேரம் போனைத் தொறந்து இன்னைக்கு என்ன சாப்பாடுன்னு பார்த்திருவேன். அது தெரிஞ்சாத்தான் மிச்ச ட்யூட்டி ஓடும்." சிரித்தாள். "ஆனா உங்க வெப்சைட்ல ஒரு வேடிக்கை உண்டு. மொதல்ல தொறந்தா நேத்து மெனுதான் இருக்கும். மூடிட்டு இன்னொரு தடவை தொறந்தா புதுசு வந்துரும்லா! வார்டுல எல்லாரும் உனக்குக் கைராசின்னு சொல்லுவாளுவ."

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். "லீவுல எப்ப போனீங்க?"

"ஆவணியில. கல்யாணம், மறுவீடு எல்லாம் முடிஞ்சு போன வாரந்தான் வந்தேன்."

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். நடந்ததை அந்தப் பெண்ணுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அப்போ மயிலாப்பூர், மந்தைவெளி முழுக்க நான்தான் மெசேஜ் அனுப்பிட்டு இருந்தேனா? நான் டீதானே குடிச்சிட்டு இருந்தேன்!"

"உன் கல்யாணத்துக்கு ஊரே பட்டினி கிடந்திருக்கும்டி" என்று மாமி அவள் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. இத்தனை மாதம் என் நிரல்தான் உழைக்கிறது என்று நினைத்திருந்தேன். ராத்திரி முழுக்க நோயாளிகளைப் பார்த்துக் களைத்த ஒருத்தி பசியோடு எட்டிப் பார்த்ததில்தான் எல்லாம் ஓடியிருக்கிறது. அவளிடம் நன்றி என்று சொன்னபோது, எதற்கு என்பது போல அவள் பார்த்தாள்.

பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பியது. பணி முடிந்து அறைக்குப் போனால் தூக்கம் கண்ணைச் சுழற்றும், மத்தியானம் சாப்பாடு வந்து எழுப்பும், அரைத் தூக்கத்தில் சாப்பிடுவேன் என்றாள். "காலையில ட்யூட்டி முடிஞ்சு வாரப்போதான் நல்ல பசி இருக்கும். எங்களுக்கு அதுதானே ராத்திரிச் சாப்பாடு. ஆனா அந்நேரம் எங்க போனாலும் இட்லி, பொங்கல்தான். சோறு கிடைக்காது."

மாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எத்தனை பேர் இருக்கேள் நீங்க?"

"எங்க வார்டுல மட்டுமா, மொத்தமாவா?"

கணக்கு டீச்சரின் முகத்தில் அந்தக் கேள்வி விளக்குப் போட்டது. அடுத்த வாரமே காலைச் சோறு தொடங்குவதென்று முடிவாயிற்று. எனக்குப் புது வேலை: முதல் நாள் மாலையே நர்ஸ்களுக்குத் தனி மெனு போக வேண்டும், இரவில் ஆர்டர் சேர வேண்டும், அதிகாலையில் மாமிக்கு மொத்தக் கணக்கு வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கடிகாரம், குறிப்பு, எனக்கு ஒரு செய்தி. இந்த முறை எதையும் யாருடைய கைராசிக்கும் விட்டுவைக்கவில்லை.

முதல் நாள் நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். நாங்கள் அடையாறு போய்ச் சேர்ந்தபோது வெயில் அப்போதுதான் மரக்கிளைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு குட்டைச் சுவர். பணி முடிந்து வந்த நர்ஸ்கள் அதன் மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். கூடவே இரவுக் காவலுக்கு இருந்த ஒருவரும், லிப்ட் இயக்குகிற ஒருவரும். ஆட்டோக்காரி ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து நீட்டினாள். "சூடா கீது, பாத்துப் பிரி."

காலை நடைக்குப் போகிறவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். விடிந்தும் விடியாமல் மோர்க்குழம்பும் சேனை வறுவலுமாகப் பிசைந்து சாப்பிடும் கூட்டத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளை ஷூ போட்ட ஒரு பெரியவர் நின்றே விட்டார். "இது டிபனா, சாப்பாடா?" என்று கேட்டார்.

"டின்னர் சார்" என்றாள் நாகர்கோவில் பெண், கையை நக்கிக்கொண்டே.

என் போன் அடித்தது. மாமிதான்.

"சாப்பிடறாளா? உப்புச் சரியா இருக்கான்னு கேளு. குழம்பு போறுமா? அப்பளம் நமுத்துப் போகலையே?"

போனை அவர்கள் பக்கம் நீட்டினேன். எல்லோரும் வாய் நிறையச் சோற்றோடு ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். மாமிக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. "சரி சரி, நிதானமாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.